படத்தில் என்ன இருக்கிறது

என் கணவர் ஒருமுறை படித்துப் பார்க்காமல் நான் வடிவமைத்த எந்த அழைப்பும் வெளியே போனதில்லை. ஜொகூர் மாநிலத்து மாசாயில் ஓர் அச்சகத்தில் நான் வேலை பார்த்த காலத்திலேயே தொடங்கிய பழக்கம் அது. திருமணப் பத்திரிகை, கோவில் திருவிழா பேனர், காதணி விழா, இரங்கல் அறிவிப்பு என்று எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுவந்துவிடுவேன். அவர் பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்தார். காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, குளித்துவிட்டுக் கோப்பியோடு உட்கார்ந்தால் அவருக்கு முதல் வேலை அதுதான்.

"வாழ்த்துக்கள்னு போட்டிருக்க. வாழ்த்துகள். நடுவுல ஒரு 'க்' எதுக்கு?" என்பார்.

"கஸ்டமர் அப்படித்தாங்க கேக்குறாங்க."

"கஸ்டமர் கேட்டா தப்பாவே போட்டுருவியா?"

கேட்பவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். எங்களுக்கு அதுதான் பேச்சு. வாரத்தில் பாதி நாள் நான் விழித்திருக்கும்போது அவர் தூங்குவார், நான் தூங்கும்போது அவர் தொழிற்சாலையில் இருப்பார். இடையில் கிடைத்த அந்த அரை மணி நேரத்தை 'க்' போடுவதா வேண்டாமா என்பதிலேயே செலவழித்தோம்.

அச்சகம் மூடிய பிறகு வீட்டுக் கூடத்திலேயே ஒரு கணினியைப் போட்டுக்கொண்டேன். வேலை குறையவில்லை, வடிவம்தான் மாறியது. "அக்கா, வாட்ஸாப்ல அனுப்புற மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுங்க" என்று கேட்டுத்தான் இப்போது எல்லோரும் வருகிறார்கள். காகிதம் இல்லை, மையும் இல்லை. ஒரு படம், அதற்குள்ளேயே சாமி, பூ, விளக்கு, தேதி, நேரம், இடம், நன்றி எல்லாம். அனுப்பிய அரை நிமிடத்தில் ஜொகூர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒருநாள் கோவில் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். ஆண்டுத் திருவிழா அழைப்பின் வலது மேல் மூலையில் போன வருடத்துத் தேதி அப்படியே இருக்கிறதாம். பழைய கோப்பின் மேலேயே புதியதைச் செய்திருந்தேன். அது நடப்பதுதான், அதைப் பிடிக்கத்தான் வீட்டில் ஆள் இருந்தது. ஆனால் என் கணவர் அன்று காலை அதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு, அனுப்பு" என்று சொல்லியிருந்தார்.

"இங்க பாருங்க, இது கண்ணுல படலையா?" என்று திரையைக் காட்டினேன்.

"எது?"

"மூலையில."

அவர் முகத்தை மெல்லத் திருப்பினார். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி, நடுவிலிருந்து ஓரம்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தலையை நகர்த்திக்கொண்டு போய் அந்தத் தேதியைக் கண்டுபிடித்தார். "அட, ஆமா," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டதும், மேசை ஓரத்தில் வைத்த கோப்பையைத் தட்டிவிட்டதும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்து நினைவுக்கு வந்தன.

ஜொகூர் பாருவில் கண் மருத்துவர் விளக்குகளைக் காட்டி, பொத்தானை அழுத்தச் சொல்லி, நெடுநேரம் சோதித்தார். கண்ணில் அழுத்தம். வலி எதுவும் இல்லாமல் பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டே வருமாம். போனது திரும்பாது, இருப்பதைக் கூடியவரை காப்பாற்றலாம் என்றார். காரில் திரும்பி வீட்டருகே வந்ததும் என் கணவர்தான், "மருந்து விடுறாங்கல்ல, நிக்கும்லா," என்றார். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான், சொன்னது அவர்.

நிற்கவில்லை. மெதுவாகத்தான் போனது, ஆனால் ஒருநாள்கூட நிற்கவில்லை. அவரை இரவு ஷிப்டிலிருந்து எடுத்தார்கள், பிறகு அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள், பிறகு முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்.

எந்த அளவுக்குப் பார்வை போயிருக்கிறது என்பதை மருத்துவமனைச் சோதனைகளைவிட என் வேலைதான் எனக்கு முதலில் சொன்னது. எல்லோரும் விரும்பிக் கேட்கிற அரக்குப் பின்னணியில் தங்க எழுத்து, அதுதான் அவருக்கு முதலில் மறைந்தது. பிறகு சாமி படத்தின் மேல் எழுதிய எழுத்துகள், பிறகு நிழல் விழுகிற மாதிரி வளைத்து எழுதிய தலைப்புகள். "இங்க ஏதோ எழுதியிருக்கா?" என்று அவர் கேட்டால் அன்றே அதை மாற்றுவேன். எழுத்துக்குப் பின்னால் இருக்கும் பூவை எடுத்துவிடுவேன். எழுத்தைப் பெரிதாக்குவேன். வெள்ளையில் கறுப்பு, கறுப்பில் மஞ்சள். தேதியையும் நேரத்தையும் மூலைகளில் போடாமல் நடுவுக்குக் கொண்டுவந்தேன். வாடிக்கையாளர்களுக்கு ஏன் மாற்றுகிறேன் என்று தெரியாது. "இப்பல்லாம் உங்க டிசைன் ரொம்பத் தெளிவா இருக்குக்கா. எங்கம்மாவே கண்ணாடி இல்லாம படிச்சிட்டாங்க," என்று ஒரு பெண் பாராட்டினாள். நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அடுத்து நடந்ததை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஓர் இலவச மருத்துவ முகாமுக்கான அழைப்பு. இடம் முதலில் கோவில் மண்டபம். முந்தின நாள் மாலையில் அதைப் போனில் வாடிக்கையாளருக்கு முழுவதும் படித்துக்காட்டி ஒப்புதல் வாங்கினேன். என் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை இடத்தை மாற்றச் சொல்லிச் செய்தி வந்தது, தாமான் டேவானுக்கு, எங்கள் குடியிருப்பின் பொது மண்டபத்துக்கு. மாற்றிவிட்டு வழக்கம்போல அவர் முன்னால் திரையைத் திருப்பினேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார். நிறுத்தி, தெளிவாக, எப்போதும் படிக்கிற குரலில். "காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை, கோவில் மண்டபத்தில்... சரியாத்தான் இருக்கு. அனுப்பு."

திரையில் கோவில் மண்டபம் என்று எங்குமே இல்லை.

"சரிங்க," என்றேன். ஆனால் சுட்டியை அழுத்தவில்லை. அந்தச் சத்தம் வராததை அவர் கவனித்துவிட்டார்.

"என்ன, மாத்திட்டியா?"

"ஆமாங்க. டேவான்னு மாத்தச் சொன்னாங்க."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடியே இருந்தார், அல்லது திரை இருந்த பக்கம் பார்த்தபடி. "கொஞ்ச நாளாவே தெரியலமா," என்றார். "நீ போன்ல படிக்கிறப்ப கேட்டு வச்சுக்குவேன். உனக்கு இந்த ஒரு வேலையாவது செஞ்சு கொடுக்கிறேன்னு இருந்தேன்."

நான் எழுந்து போய் அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். அவர் அழவில்லை. என் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டு, "டேவான் நல்லதுதான், கார் நிறுத்த இடம் இருக்கும்," என்றார்.

அதன்பின் ஒரு மதியம், சோதனைக்காகத் திரை முழுக்கக் கறுப்பாக்கி, நடுவில் ஒரே ஒரு சொல்லை மஞ்சளில் எழுதிக் காட்டினேன். "வருக." அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கிற சின்னப் பிள்ளை போல "வ... ரு... க" என்றார். சந்தோஷப்பட்டார். அவர் கண்ணால் படித்த கடைசிச் சொல் அதுவாக இருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

எங்களுக்கு ஒரே மகள். சிங்கப்பூரில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஒரு வார இறுதியில் வந்து அப்பாவின் போனைப் பேசவைத்தாள். விரலை வைத்தால் அங்கே இருப்பதை வாசிக்கும், தமிழையும் வாசிக்கும். அந்தக் குரல் 'ழ'வைக் கொல்கிறது என்று அவர் குறைபட்டுக்கொண்டார், ஆனால் சீக்கிரமே பழகிக்கொண்டார். தொழிற்சாலை நண்பர்கள் குழுவில் யார் என்ன எழுதினாலும் கேட்டுவிட்டுக் குரலிலேயே பதில் அனுப்புவார். படங்கள் வரும்போது மட்டும் போன் "படம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

"என்ன படம்னு சொல்லாதா?" என்று கேட்டார்.

"அது படம்ப்பா. அதுக்குள்ள இருக்கிற எழுத்து அதுக்குத் தெரியாது," என்றாள் மகள்.

"அப்ப எனக்கும் அதுக்கும் ஒரே பிரச்சினைதான்," என்று சிரித்தார்.

குழுவில் தினமும் காலையில் யாராவது சாமி படம் போடுவார்கள். கீழே எல்லோரும் கும்பிடுகிற கைகளைப் போடுவார்கள். போன் அதை "கூப்பிய கைகள், கூப்பிய கைகள், கூப்பிய கைகள்" என்று வாசிக்கும். அவர் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போவார்.

அவருடைய நண்பர் ஒருவர் ரெங்கத்தில் இருந்தார். இருவரும் அங்கே ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள், ஒரே தமிழ்ப்பள்ளி, பிறகு ஒரே தொழிற்சாலை. கம்பெனி பஸ்ஸில் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஓய்வு பெற்றதும் அவர் ரெங்கத்துக்கே திரும்பி வீடு கட்டிக்கொண்டார். என் கணவருக்குப் பார்வை போன பிறகு விடாமல் அழைத்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான். "மச்சான், இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்றுதான் ஆரம்பிப்பார். அவருக்கும் சர்க்கரை, கிட்னி என்று உடம்பு சரியில்லை. ஒரு சமயம் அழைப்பு வரவில்லை. டயாலிசிஸ் போய்விட்டு அசதியாக இருப்பான் என்று என் கணவர் விட்டுவிட்டார். அப்புறம் மனம் கேட்காமல் அவரே அழைத்தார். நான் அடுப்படியில் இருந்தேன், ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது.

எடுத்தது நண்பரின் மூத்த மகன்.

"அப்பா இருக்காராய்யா?"

"அங்கிள்... அப்பா போயிட்டாரே அங்கிள். குரூப்ல போட்டேனே. நீங்க பார்க்கலையா?"

நான் ஓடிவந்து நின்றேன். என் கணவர் உதடுகள் அசைந்தன.

"பார்க்கலப்பா," என்றார்.

அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "அலமாக்... சாரி அங்கிள். சாரி. நான் யோசிக்கல," என்று அழ ஆரம்பித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தகப்பன் இறந்த வீட்டில் யாரோ செய்து கொடுத்த படத்தை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். எல்லோரும் செய்வதுதான்.

அன்றே கிளம்பினோம். சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனேன். அவர் வழி முழுக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளிப்பக்கம் வைத்திருந்தார். அந்த வீட்டு வாசலில் கூடாரம்கூடப் பிரித்தாகிவிட்டது. நண்பரின் மனைவி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"நீங்க வரலையேன்னு எல்லாரும் கேட்டாங்கண்ணே. கண்ணு முடியலைல்ல, எப்படி வருவாருன்னு நாந்தான் சொன்னேன்," என்றார் அந்த அம்மா. அவரைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். ஆனால் என் கணவர் முகம் அதில் அப்படியே சுருங்கிப்போனது.

மாலை போட்ட படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியைத் தொட்டார், சட்டத்தின் விளிம்பைத் தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த நோட்டீஸைப் படி," என்றார்.

போனைத் திறந்து தேடினேன். குழுவில் மேலே போய்ப் போய், கூப்பிய கைகளின் நீண்ட வரிசைக்கு மேலே அது இருந்தது. கறுப்பு வெள்ளைப் பூக்கள், நண்பரின் சிரித்த முகம், சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்துகள். படித்தேன். பெயர், வயது, மனைவி மக்கள் பெயர்கள். "அன்னாரின் பூதவுடல் பிற்பகல் இரண்டு மணிக்கு இல்லத்திலிருந்து மின்சுடலைக்கு எடுத்துச் செல்லப்படும்." அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஊரே அழுது முடித்த செய்தி அவருக்கு அந்த நிமிடத்தில்தான் வந்தது. நடுக்கூடத்தில் நின்றபடி, வயதான ஆண் அழக்கூடாத சத்தத்தில் அழுதார். நண்பரின் மனைவி மறுபடி முதலிலிருந்து அழ வேண்டியதாயிற்று.

திரும்பி வரும்போது காரில் கேட்டார். "அன்னிக்கு ரெண்டு மணிக்கு நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்?"

எனக்குத் தெரியும். அன்று மீன் குழம்பு. வானொலியில் யாரோ ஒரு நகைச்சுவை சொல்ல, அவர் சோற்றில் கை வைத்தபடி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஞாபகம் இல்லைங்க," என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்து கொடுக்கும் ஒவ்வொரு அறிவிப்புக்கும், படத்தோடு அதே செய்தியை எழுத்தாகவும் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறேன். படத்தில் யார் இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்பதற்கும் ஒரு வரி. எல்லோருக்கும் பிடிக்கவில்லை. "இவ்ளோ நீட்டமா யாருக்கா படிப்பா? படமே போதும்லா," என்று கேட்டவர்கள் உண்டு. எழுத்தை அழித்துவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பியவர்கள் அதிகம். நான் நிறுத்தவில்லை.

அனுப்புவதற்கு முன் அவருக்கு அனுப்புவேன். அவர் போனைக் காதருகே வைத்துக் கேட்பார். அழகுக்காக வரிசையாக நட்சத்திரம் போட்டால் போன் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று சொன்னது அவர்தான். பழைய எழுத்துருவில் இருந்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக உளறுகிறது என்றும் சொன்னார். மறுபடி காலையில் கோப்பியும் பேச்சுமாக அந்த அரை மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் பழைய குரல் இல்லை. ரெங்கத்தோடு அவரிடம் ஏதோ ஒன்று முடிந்துபோயிருந்தது. மதியங்களில் போன் அடித்தால் கை தானாகப் போகும், பிறகு நின்றுவிடும்.

இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம் கூடியது. அழைப்பை நானே செய்தேன். மகளும் மாப்பிள்ளையும் நிற்கிற படம், தெளிவான எழுத்து, கீழே முழுச் செய்தியும் எழுத்தில். "பச்சைப் பட்டுச் சேலையில் மணமகள், அருகில் வெள்ளை ஜிப்பாவில் மணமகன்" என்று எழுதி அவருக்கு அனுப்பினேன். இரண்டு முறை கேட்டார்.

"சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறா."

"அதை எழுதலையே."

எழுதினேன். மறுபடி கேட்டார். "தலைய எப்படி வாரியிருக்கா? இளைச்சிருக்காளா? கழுத்து எலும்பு தெரியுமே அவளுக்கு." ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன். கல்யாண அழைப்பில் யாரும் எழுதாத வரிகள். கடைசியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும்மா. நீ நல்லாத்தான் எழுதுற. எனக்குத்தான் அவ வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இருந்த முகம்தான் வருது. நீ சொல்றது வேற யாரோ மாதிரி இருக்கு."

அந்த வரிகளை நான் அழிக்கவில்லை. அவருக்கு மட்டும் ஒன்று, ஊருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் இருவரும் எங்கள் காலில் விழுந்தார்கள். அவர் குனிந்து மகளைத் தூக்கினார். தூக்கிய கைகள் தோளிலிருந்து மெல்ல ஏறி அவள் கன்னத்துக்குப் போயின. நெற்றியை, புருவத்தை, மூக்கைத் தேடின. பக்கத்தில் நின்ற ஒப்பனைக்காரப் பெண் பதறிப்போய், "அங்கிள், மேக்கப் கலைஞ்சிரும்," என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அடுத்து படம் எடுக்க வேண்டியிருந்தது. என் கணவர் சுடுபொருளைத் தொட்டவர் போலக் கைகளை இழுத்துக்கொண்டார். "சாரிமா, சாரி," என்றார் அந்தப் பெண்ணிடம்.

மகள் அந்த இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து மறுபடி தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். "பாருங்கப்பா," என்றாள். "கலைஞ்சா கலையட்டும். நீங்க பாருங்க."

அவர் பார்த்தார். மண்டபம் முழுக்கக் காத்திருந்தது. மை கரைந்து அவர் விரல்களில் ஒட்டியது.

கல்யாணப் படங்கள் போன வாரம் வந்தன. மகளின் கன்னத்தில் அவர் கைகள் இருக்கும் அந்தப் படமும் அதில் இருக்கிறது. ஒவ்வொன்றாக எழுதி அவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன், மாலை மாற்றுவது, அம்மி மிதிப்பது, சாப்பாட்டுப் பந்தி. அந்த ஒன்றுக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை. எழுதி எழுதி அழித்துவிட்டேன். "மணமகளின் முகத்தை அவள் தந்தை கைகளால் தொட்டுப் பார்க்கிறார்" என்று எழுதினால் தவறொன்றும் இல்லை, ஆனால் அதை அந்த இயந்திரக் குரல் அவருக்கு வாசிப்பதை நினைத்தால் என்னால் முடியவில்லை.

நேற்றுக் காலை கோப்பி குடிக்கும்போது அவரே கேட்டார்.

"அந்தப் படம் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

"எழுதிட்டியா?"

"இன்னும் இல்லைங்க."

அவர் கோப்பையைத் தடவி மேசையின் நடுவில் வைத்தார். "பரவால்ல," என்றார். "மெதுவா எழுது."